பெண்ணைக் கரையில் ஒரு பகல்

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிறு மாலையில் எம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர் பங்கு இல்லத்திற்கு வந்திருந்தனர். மகன் வளைகுடா நாடொன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவர். விடுமுறையில் ஊர் வந்திருந்தார். அவர் கையில் வண்ணப் படங்கள் நிறைந்த துண்டறிக்கை ஒன்று இருந்தது. துருக்கி நாட்டிற்கு ஏழு நாள் திருப்பயணம் அழைத்துச் செல்வதாக அச்சிட்டிருந்தார்கள்.

"பாதர், இஸ்தான்புல் இருக்கிறது, எபேசு இருக்கிறது. அந்தியோக்கியா மட்டும் இல்லை. நாமே தனியாக ஏற்பாடு செய்துகொண்டு இரண்டு நாள் அங்கே போய்வர முடியுமா?" என்று கேட்டார் மகன். மருமகளும் பிள்ளைகளும் ஆவலோடு என் முகத்தைப் பார்த்தனர்.

அவருடைய தந்தையார் எண்பதைத் தொட்டவர். இருப்புப்பாதைத் தொழிலாளராய் இருந்து ஓய்வு பெற்றவர். சுவரோரம் நாற்காலியில் அமர்ந்து, கைத்தடியின்மேல் இரு கைகளையும் வைத்தபடி பேசாதிருந்தார். எல்லோரும் பேசி முடித்த பின் மெல்லக் கேட்டார்: "சாமி, வெள்ளத்துக்கு அப்புறம் திருக்கோவிலூர்ப் பெண்ணையாறு எப்படி இருக்குதுன்னு ஒரு தடவை பார்த்துட்டு வரணும். நம்ம பங்குல இருந்து யாராவது அந்தப் பக்கம் போறாங்களா?"

யாரும் மறுமொழி சொல்லவில்லை. பேரப்பிள்ளை ஒருவன் சிரித்தான். திருக்கோவிலூர் பேருந்தேறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர்தானே!

அவர்கள் விடைபெற்றுச் சென்ற பிறகு நெடுநேரம் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். மகன் கேட்டதும் ஒரு பழைய ஆற்றங்கரை நகரைப் பற்றி. தந்தை கேட்டதும் ஒரு பழைய ஆற்றங்கரை நகரைப் பற்றி. இரண்டுக்குமாகச் சேர்த்து எழுதுவதே இக்கட்டுரை.

ஒரந்தேசு ஆற்றங்கரையில்

அந்தியோக்கியாவைக் காண விழையும் மகனின் ஆவலை யார் குறை கூற முடியும்? கி.மு. 300ஆம் ஆண்டளவில், அலெக்சாந்தரின் படைத்தலைவர்களுள் ஒருவரான செலூக்கு மன்னர் ஒரந்தேசு ஆற்றங்கரையில் எழுப்பிய நகர் அது. உரோமைப் பேரரசின் காலத்தில் உரோமைக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்த பெருநகராய் விளங்கியது. சீடர்கள் முதன்முதலாகக் 'கிறிஸ்தவர்கள்' என்று அழைக்கப்பெற்றது அந்நகரிலேயே என்று திருத்தூதர் பணிகள் நூல் தெரிவிக்கிறது. பவுலும் பர்னபாவும் தம் முதற்பயணத்திற்குப் புறப்பட்டதும் அங்கிருந்துதான். நாம் தாங்கி நிற்கும் பெயர் பிறந்த ஊர் என்றால், அதைக் காண மனம் விழைவது இயல்பே அன்றோ?

இன்று அதன் பெயர் அந்தாக்கியா. 1939ஆம் ஆண்டிலிருந்து துருக்கியின் ஆட்தாய் மாநிலத்தில் அடங்கியுள்ளது. துருக்கியர் அந்த ஆற்றை ஆசி என்பர். மலைச்சரிவில் தூய பேதுருவின் பெயரால் வழங்கும் குகைக் கோயில் ஒன்று உண்டு. பழைய மாளிகைத் தளங்களில் வண்ணக் கற்களைப் பதித்து ஆக்கிய ஓவியங்களுக்கெனப் பெயர்பெற்ற அருங்காட்சியகமும் உண்டு.

ஆயினும் 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் விடியற்காலையில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தை மறந்துவிட்டு அந்நகரைப் பற்றிப் பேச இயலாது. துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிகுந்த அழிவுக்கு உள்ளான நகர்களுள் அந்தாக்கியாவும் ஒன்று. ஆற்றோரப் பழைய தெருக்கள் கற்குவியல்களாயின. பள்ளிவாசலும் இடிந்தது, மரபுவழிக் கிறிஸ்தவர்களின் கோயிலும் இடிந்தது. அதே மாநிலத்தைச் சேர்ந்த இஸ்கெந்தெருன் துறைமுக நகரில் நம் கத்தோலிக்கப் பேராலயமும் சரிந்து வீழ்ந்தது. அந்த இஸ்கெந்தெருனில்தான் நம் இந்திய இராணுவ மருத்துவர்கள் களமருத்துவமனை அமைத்துக் காயமுற்றோருக்குப் பணி செய்தனர் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம்.

எனவே, துண்டறிக்கையில் அந்தியோக்கியா ஏன் இல்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. அவ்வளவு பெரிய அழிவிலிருந்து ஒரு நகர் மீண்டெழுவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். அங்கே செல்ல விரும்புவோர் தங்குமிடம், போக்குவரத்து, பாதுகாப்பு ஆகியவற்றை நன்கு கேட்டறிந்து, காலம் பார்த்தே செல்ல வேண்டும். இரண்டே நாளில் எட்டிப் பார்த்துவிட்டு வரும் இடமாக அதை எண்ணலாகாது. மகனுக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான்: "அந்தியோக்கியா காத்திருக்கும், சில ஆண்டுகள் கழித்துப் போகலாம். அப்பா கேட்டது காத்திருக்குமா?"

நமக்கு அருகே ஓர் ஆற்றூர்

பெரியவர் கேட்ட ஊரின் பழைய பெயர் திருக்கோவலூர். பெயரைக் கேட்டதும் நம்மவருள் சிலர் வீரமாமுனிவர் கலம்பகம் பாடிய திருக்காவலூரை எண்ணிக்கொள்வர். அது கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சி. இதுவோ தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த ஊர். கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறக்கும் பெண்ணை, கிருட்டினகிரி வழியாக வந்து, நம் மாவட்டத்துச் சாத்தனூர் அணையில் தேங்கி, பின் திருக்கோவிலூரைத் தழுவிச் சென்று, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து அவ்வூர் 40 கிலோமீட்டர் தொலைவுக்கும் உட்பட்டது. 2019ஆம் ஆண்டு முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது.

சங்க காலத்தில் மலாடு என்ற நாட்டின் தலைநகர் அது. வள்ளல் மலையமான் திருமுடிக்காரி அங்கிருந்து ஆண்டான். தகடூர் அதியமான் நெடுமானஞ்சி அவ்வூரின்மேல் படையெடுத்து வென்ற செய்தியைப் புறநானூறு வாயிலாக அறிகிறோம். அந்த அதியமானின் பெயர் வெறும் பாடற்கற்பனை அன்று என்பதற்குச் சான்றும் பெண்ணைக் கரையிலேயே கிடைத்தது. திருக்கோவிலூருக்கு மேற்கே உள்ள சம்பை என்னும் சிற்றூரில், 1981ஆம் ஆண்டு தமிழகத் தொல்லியல் துறையினர் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டொன்றைக் கண்டறிந்தனர். அதியன் நெடுமானஞ்சி துறவியருக்குக் குகையொன்றைக் கொடையாக அளித்த செய்தியை அது கூறுகிறது. அசோகரின் கல்வெட்டுகளில் தென்னாட்டு மன்னரோடு சேர்த்துக் கூறப்பெறும் 'சத்தியபுத்திரர்' யாவர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். இக்கல்வெட்டு அதியமானையே அப்பெயரால் குறிப்பதால், அவ்வழக்குக்குத் தீர்வு கிடைத்தது. பாடநூலில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுவையான செய்தி வேறென்ன வேண்டும்?

ஆனால் அவ்வூரின் பெயரை என் நெஞ்சில் பதித்தவர் கபிலர். பறம்புமலை வேள் பாரியின் உயிர்த்தோழர் அவர். மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரி மாண்டபின், தந்தையை இழந்த அப்பெண்மக்களைத் தம் மக்களாய் ஏற்று, அவர்களுக்கு நல்வாழ்வு தேடி ஊர் ஊராய் நடந்தார். அரண்மனையில் வளர்ந்த பெண்களை அழைத்துக்கொண்டு, அரசர் வாயில்தோறும் ஒரு புலவர் நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். கடமை முடிந்தபின் நண்பனைப் பிரிந்த துயர் தாளாது பெண்ணையாற்றங்கரையில் உயிர் நீத்தார். வடக்கிருந்து மாண்டார் என்பது புறநானூற்று மரபு. பாரி மகளை மலையனுக்கு மணம் செய்து கொடுத்தபின் தீயில் புகுந்தார் என்பது, முதலாம் இராசராசன் காலத்தில் திருக்கோவலூர் வீரட்டானக் கோயிலில் பொறிக்கப்பட்ட கல்வெட்டின் செய்தி. எவ்வாறாயினும், ஆற்றின் நடுவே எழுந்து நிற்கும் பாறையை மக்கள் இன்றும் கபிலர் குன்று என்றே வழங்குகின்றனர். அதே கல்வெட்டு இராசராசனின் தாயாரும் மலையமான் குலத்தில் பிறந்தவருமான வானவன் மாதேவியாரையும் குறிப்பிடுகிறது. பால்மணம் மாறாத குழந்தையைப் பிரிந்து கணவனோடு அவர் உயிர் நீத்த துயரத்தையும் அது கூறுகிறது. படிப்போர் கண் கலங்காதிரார்.

வெள்ளத்தின் நினைவு

பெரியவர் குறிப்பிட்ட வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. கடலோரத்தில் அடித்து ஓய வேண்டிய புயல், உள்நாட்டில் நின்று கொட்டியது. திசம்பர் 1ஆம் நாள் நம் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் இறங்கி வீடொன்றை மூடியதில் ஏழு உயிர்கள் மாண்டதை நாம் எளிதில் மறவோம். அன்றிரவே சாத்தனூர் அணைக்கு நீர் பெருக்கெடுத்து வந்தது. 1958இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் முழு உயரம் 119 அடி. அணையைக் காக்க, திசம்பர் 2ஆம் நாள் விடியுமுன் நொடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் பெண்ணைக் கரை ஊர்கள் நீரில் மூழ்கின. வீடும் மாடும் விளைநிலமும் போயின.

ஆதலால் இன்று பெண்ணைக் கரைக்குச் செல்பவர், அழகை மட்டும் காணச் செல்பவர் அல்லர். இழந்தவர்களின் ஊர் வழியே செல்கிறோம் என்னும் நினைவோடு செல்ல வேண்டும். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை விசாரியுங்கள். தேநீரும் காய்கனியும் அவ்வூர்க் கடைகளிலேயே வாங்குங்கள்.

திட்டமின்றிச் சென்ற ஒரு நாள்

பயணத்திற்குத் திட்டம் வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் பிழையை நானே கூறிவிடுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, பீடச் சிறுவர் பதினெண்மரை அழைத்துக்கொண்டு பெண்ணையாற்றின் வேறோர் இடத்திற்கு உலாச் சென்றேன். முன்தினம் மாலையில் எண்ணியது; மறுநாள் காலையில் புறப்பட்டது. சோறு எடுத்துக்கொண்டோம், பந்து எடுத்துக்கொண்டோம், வேறொன்றையும் எண்ணவில்லை. ஆற்றில் முழங்காலளவு தண்ணீர்தான் ஓடியது. "இறங்குங்கள்" என்று நானே சொன்னேன்.

சற்று நேரத்தில் ஒரு சிறுவனைக் காணவில்லை. கூச்சலும் இல்லை, அலையும் இல்லை. எதிர்க்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் நீரில் பாய்ந்து, மூழ்கி, தலைமயிரைப் பற்றி அவனை மேலே தூக்கினார். மணல் அள்ளிய பள்ளம் அது. ஆற்று மணலை ஆழமாகத் தோண்டி எடுத்த இடத்தில் நீர் நிறைந்துவிட்டால், மேலே பார்ப்பதற்கு எல்லாம் ஒரே மட்டமாய்த் தோன்றும். முழங்காலளவு நீரில் நடந்து வருபவன் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் விழுவான். பள்ளத்தின் ஓரம் நெகிழ்ந்த மணல் ஆகையால், ஏற முயலுந்தோறும் அது காலடியில் சரியும். நீந்தத் தெரிந்தவர்க்கும் அது கண்ணி.

சிறுவன் பிழைத்துக்கொண்டான், இறைவனுக்கும் அந்த மாடு மேய்ப்பவருக்கும் நன்றி. அன்றிரவு அவன் தாயார் என்மீது சினம் கொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாமி, இறங்குறதுக்கு முன்னாடி ஆழம் எவ்வளவுன்னு அங்க யாரையாவது கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. அக்கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அன்றிலிருந்து எந்த உலாவுக்கும் ஒரு நோட்டில் எழுதாமல் நான் புறப்படுவதில்லை.

புறப்படுமுன் எழுத வேண்டியவை

முதலாவது, காலம். பெண்ணைக் கரைக்குத் தையும் மாசியும் ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அணை திறக்கக்கூடுமாதலால் ஆற்றோரப் பயணம் வேண்டா. சித்திரை வெயிலில் பாறைகள் காலைச் சுடும். தை 5ஆம் நாள் பெண்ணையாற்றங்கரை ஊர்களில் ஆற்றுத் திருவிழா நடைபெறும். மக்கள் வெள்ளத்தைக் காண விரும்புவோர் அன்று செல்லலாம், முதியோரை அழைத்துச் செல்வோர் தவிர்க்கலாம். பௌர்ணமி நாள்களில் கிரிவலத்திற்கு வருவோரால் நம் ஊர்ப் பேருந்துகளும் இரயில்களும் நிரம்பி வழியும் என்பதை நாம் அறிவோம். நாள்காட்டியைப் பார்த்து நாள் குறியுங்கள்.

இரண்டாவது, ஆள்கள். யார் யார் வருகின்றனர்? நடக்கத் தளர்ந்தவர் எவர்? மருந்து உண்பவர் எவர்? குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாய் நடப்பவரின் வேகமே. அவருக்கு ஏற்பவே இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் திருக்கோவிலூரையும் சாத்தனூரையும் முடித்துவிடத் துடிப்பவர், இரண்டையும் காணாமல் திரும்புவர். சாத்தனூர் அணை வேறொரு நாளுக்கு இருக்கட்டும்.

மூன்றாவது, ஆறு. குளியல் வேண்டா. வெள்ளத்திற்குப்பின் ஆற்றின் தரை மாறியுள்ளது. பழைய ஆள்களின் நினைவையும் நம்ப இயலாது. கால் நனைக்க விரும்பினால், உள்ளூரார் ஒருவரிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்தில், பெரியவர் துணையோடு நில்லுங்கள். பிள்ளைகளை எண்ணுவதற்கென்றே ஒருவரை நியமியுங்கள்.

நான்காவது, கோயில் ஒழுக்கம். நாம் செல்லும் ஊரின் சிறப்பிடங்கள் பலவும் நம் இந்து சகோதரர்கள் வழிபடும் தலங்கள். கொடிமரத்திற்கு அப்பால் பிற சமயத்தார் செல்லலாகாது என்று பலகை வைத்துள்ள கோயில்கள் பல. அதனை மதித்து அங்கேயே நின்றுவிடுவது நம் கடமை. ஐயம் இருப்பின் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். அடக்கமான உடை, தாழ்ந்த குரல், காலணி வெளியே. நம் ஆலயத்தில் பிறர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்று விரும்புகிறோமோ, அவ்வாறே நாமும் நடப்போம். கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில் திறப்பர். அதற்கேற்ப நேரம் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, உணவும் செலவும். புளிச்சோறும் தயிர்ச்சோறும் இருக்க, உணவுக்கு எங்கும் அலைய வேண்டுவதில்லை. குடிநீர் நிறைய வேண்டும். இலையும் தாளும் நெகிழிப் பைகளும் ஆற்றில் விழாமல் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்குப் பை வேண்டும். செலவை முன்கூட்டியே எழுதிக்கொண்டால், வீட்டுத் தலைவி திரும்பும் வழியில் மனக்கணக்குப் போட்டு வருந்த வேண்டியதில்லை.

ஆறாவது, கதை. முன்னிரவில் இரவு செபம் முடிந்தபின், பாரி, கபிலர், காரி, அதியமான் ஆகியோரைப் பற்றிப் பிள்ளைகளில் ஒருவரே படித்துச் சொல்லட்டும். கதை தெரியாதவருக்குக் கபிலர் குன்று வெறும் பாறை.

காலை முதல் மாலை வரை

விடியற்காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் அரகண்டநல்லூரை அடையலாம். ஆற்றின் வடகரை ஊர் அது. திருக்கோவிலூர் என்று பெயர் தாங்கிய இரயில் நிலையம் இருப்பதும் இக்கரையில்தான். விழுப்புரம் – காட்பாடி பாதையில் நம் ஊரிலிருந்து இரயிலிலும் வரலாம். நேரத்தை நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்க. இங்கே ஆற்றோரப் பாறைமேல் அதுல்யநாதேசுவரர் கோயிலும், பாறையைக் குடைந்தெடுத்த பழைய குகைகளும் உள்ளன. மேலிருந்து பார்த்தால் பெண்ணை அகன்று விரிந்து கிடப்பது தெரியும்.

நம் ஊரார் அனைவரும் அறிந்த இரமணருக்கும் இந்த இடத்திற்கும் தொடர்புண்டு. 1896ஆம் ஆண்டு ஆகசுடு இறுதியில் மதுரையிலிருந்து வீட்டாருக்குச் சொல்லாமல் புறப்பட்ட பதினாறு வயதுச் சிறுவர் அவர். கையில் காசு குறையவே மாம்பழப்பட்டில் இரயிலை விட்டிறங்கி, இவ்வூர்வரை நடந்து வந்தார். இக்கோயிலில் சற்று இருந்தபின் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கீழையூருக்குச் சென்றார். மறுநாள் தம் காதணிகளை ஒரு வீட்டில் அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்று, செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பசித்து வந்த அந்தச் சிறுவருக்கு அவ்வீட்டார் உணவும் அளித்தனர். முன்பின் அறியாதவர்க்குச் சோறிடும் கைகள் இக்கரையில் அன்றே இருந்தன.

பாலத்தைக் கடந்து கீழையூர் வீரட்டானத்தை அடைவோம். அட்ட வீரட்டானத் தலங்களுள் ஒன்றாக இதனைச் சைவர் போற்றுவர். மேலே கூறிய கல்வெட்டு இக்கோயிலைச் சார்ந்ததே. அருகே ஆற்றில் கபிலர் குன்று. கரையில் நின்றே காணலாம். மணலில் இறங்கி நடக்க வேண்டா.

நண்பகலுக்கு முன் ஊர் நடுவே உள்ள உலகளந்த பெருமாள் கோயிலின் கோபுரத்தைக் காணுங்கள். பதினொரு நிலைகளுடன் ஏறத்தாழ 190 அடி உயர்ந்தது. நம் அண்ணாமலையார் கோயிலின் 217 அடிக் கோபுரத்தை நாள்தோறும் காணும் கண்களுக்கும் அது வியப்பளிக்கும். இத்தலத்தோடு இணைந்த ஒரு வரலாறு வைணவர் போற்றுவது. மழை பெய்த இருளிரவில் பொய்கையாழ்வார் ஓர் இடைகழியில் ஒதுங்கினார். ஒருவர் படுக்கும் இடம் அது. பூதத்தாழ்வார் வந்தார்; இருவரும் அமர்ந்துகொண்டனர். பேயாழ்வார் வந்தார்; மூவரும் எழுந்து நின்றுகொண்டனர். அங்கே பிறந்தவையே முதல் மூன்று திருவந்தாதிகள் என்பர். இடமில்லை என்று யாரும் கதவடைக்கவில்லை. வருபவருக்காக இருப்பவர் எழுந்து நின்றார். வெள்ள நாள்களில் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் மக்கள் நெருங்கி நின்றதை எண்ணிக்கொண்டு இக்கதையைக் கேட்டால் அதன் பொருள் நன்கு விளங்கும்.

நண்பகலுக்குப்பின் நிழல் தேடி உண்டு ஓய்வெடுங்கள். இருட்டுமுன் வீடு திரும்பிவிடுங்கள்.

பெரியவர் சொன்னது

அந்தக் குடும்பத்தினர் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சென்றனர். மகனின் அழைப்பின்பேரில் நானும் உடன் சென்றேன். காலையில் பாறையேற முடியாத பெரியவர் இரயில் நிலையத்து நிழலில் அமர்ந்துகொண்டார். பழைய மீட்டர் பாதையின் நாள்களில் அவர் வேலை பார்த்த இடம் அது. புதிய அகலப்பாதையைப் பார்த்து, "கட்டை எல்லாம் போய் சிமெண்டு போட்டுட்டான்" என்றார். அதில் வருத்தமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

பாலத்தின் தொடக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் ஆற்றைப் பார்த்தார். வெள்ளம் கொண்டுவந்து போட்ட மரத்தூர்கள் இன்னும் மணலில் கிடந்தன. நடுவே மெல்லிய நீரோட்டம். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்:

"உனக்கு ஒரு வயசு நடக்குது. காய்ச்சல்ல இழுப்பு வந்துடுச்சு. நாங்க இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். மழை. தண்ணி மேல தொட்டுப் போகுது, யாரும் தாண்டக்கூடாதுன்னு நிக்கிறாங்க. அம்மா செபமாலையைப் பிடிச்சுக்கிட்டு இங்கதான் நின்னா. நான் உன்னைத் துணியில சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தப்புறம்தான் கால் நடுங்குச்சு."

மகன் வளைகுடாவில் பெரிய பொறுப்பில் இருப்பவர். அவர் கேட்டதெல்லாம் ஒன்றே: "இத்தனை வருஷமா ஏம்ப்பா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேப்பா" என்றார் பெரியவர்.

எனக்கு அந்தத் தாயாரின் பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. ஆற்றின் ஆழத்தை நான் கேட்கவில்லை. இவர் தந்தையின் ஆழத்தைக் கேட்கவில்லை. அருகிலேயே இருப்பதால் தெரிந்தது என்று எண்ணிவிடுகிறோம்.

துருக்கிப் பயணத்தை அக்குடும்பத்தினர் கைவிடவில்லை; தள்ளி வைத்திருக்கின்றனர். அந்தியோக்கியா மீண்டெழுந்த பின் செல்வதாக எண்ணம். மகன் பணிக்குத் திரும்புமுன், அடுத்த விடுமுறையில் தந்தை பிறந்த ஊருக்கு அழைத்துப் போவதற்கு இப்போதே நாள் குறித்துச் சென்றார்.

அன்புக்குரிய குடும்பத்தாரே, நீங்களும் இந்த ஆண்டு ஓர் உலாவுக்குத் திட்டமிடுவீர்கள். தொலைவான ஊராயினும் சரி, பெண்ணைக் கரையாயினும் சரி, நோட்டின் முதல் பக்கத்தில் ஊரின் பெயரை எழுதுமுன், வீட்டில் மிக மூத்தவரிடம் சென்று, "உங்களுக்கு எந்த ஊரைப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். இரண்டாம் பக்கத்தில் மற்றவற்றை எழுதிக்கொள்ளலாம். சென்று நலமாய்த் திரும்புங்கள்.